எல்லாம் தெரிந்தவர்களின் ஊர்

நெய்வேலி மண்ணுக்குக் கீழே கரி இருப்பது 1930-களில் தெரியவந்தது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அரசாங்கம் அதை ஆராய்ந்தது, துளை போட்டுப் பார்த்தது, யோசித்தது, மறுபடி யோசித்தது. 1956 நவம்பரில் அதைத் தோண்டியெடுக்க நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். முதல் தடயத்திலிருந்து எண்ணினால் கால் நூற்றாண்டு. இதை யாரும் தாமதம் என்று சொன்னதில்லை. பூமியின் வயிற்றில் இருப்பதைக் கண்டெடுக்க அவ்வளவு காலம் ஆகத்தானே செய்யும்.

மனிதர் வயிறு அவ்வளவு ஆழம் இல்லை என்பது நம் சட்டத்தின் முடிவு. அறுவை சிகிச்சையின்போது உள்ளே எதையாவது விட்டுத் தைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே இருப்பதை அறிந்து, யார் கையால் வந்தது என்று புரிந்து, காகிதம் திரட்டி, வக்கீல் பிடித்து, கடலூருக்கு பஸ் ஏறி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட 2 ஆண்டு. சிவில் கோர்ட் என்றால் 3 ஆண்டு. பிழை நடந்த நாளிலிருந்து ஓடுவதுதான் பொதுவாக இந்தக் கணக்கு. "லிமிடேஷன் போயிடுச்சுங்க" என்று கோர்ட் வராந்தாவில் குமாஸ்தா முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாரே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பது இதுதான்.

இதைக் குறை சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்கவில்லை. நன்றி கெட்டவர்கள். காலவரையறைச் சட்டம் நம்மை மதித்த அளவுக்கு இந்த நாட்டில் வேறு யார் மதித்திருக்கிறார்கள்? டாக்டரிடம் போகிறோம், நமக்கு வைத்தியம் தெரியாது என்பதால். வக்கீலிடம் போகிறோம், சட்டம் தெரியாது என்பதால். ஆடிட்டரிடமும் இன்ஜினியரிடமும் போவது அவரவர் வித்தை நமக்குத் தெரியாது என்பதால். இது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் வாங்கும் ஃபீஸே அந்தத் தெரியாமைக்குத்தான். சட்டம் ஒன்றுதான் நம்மைப் பார்த்து, "உங்களுக்கு எல்லாம் தெரியும், டாக்டர் கை தவறிய விநாடியே உங்களுக்குத் தெரிந்துவிடும், கடிகாரத்தை ஓடவிடலாம்" என்கிறது. இப்படிப்பட்ட கௌரவம் பெற்ற தாய் வீட்டில்கூடக் கிடைக்காது.

இந்தச் சட்டத்தின் குலப்பெருமையும் சாதாரணமல்ல. இங்கிலாந்தில் 1623-லேயே முதலாம் ஜேம்ஸ் காலத்தில் பிறந்துவிட்டது. நமக்கு வெள்ளைக்காரன் 1859-இல் கொண்டுவந்து, 1871-இலும் 1877-இலும் 1908-இலும் மாற்றி எழுதிக்கொடுத்தான். சுதந்திர இந்தியா 1963-இல் தன் கையாலேயே எழுதிக்கொண்டது. அடிநாதம் ஒன்றே: விழித்திருப்பவனுக்குச் சட்டம் துணை, உறங்குகிறவனுக்கு இல்லை. நெய்வேலிக்காரர்களுக்கு இதில் ஒரு குறையும் வர வாய்ப்பில்லை. மூன்றாம் ஷிப்ட் பார்த்துப் பார்த்து ராத்திரி முழுக்க விழித்திருந்தே பழகியவர்கள் அவர்கள். ஆபரேஷன் டேபிளில் மட்டும் கொஞ்சம் கண் அசந்திருக்கலாம். அதுவும் அவர்களாகத் தூங்கவில்லை, ஊசி போட்டுத் தூங்கவைத்தார்கள். இருந்தாலும் உறக்கம் உறக்கம்தானே.

சட்டத்தின் தாராளத்தைச் சொல்லாமல் விட்டால் நாக்கு அழுகிவிடும். 12-ஆம் பிரிவின்படி முதல் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அடிபட்ட அன்று முழுதாக அழுதுகொள்ள ஒரு நாள் இலவசம். கடைசி நாள் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் போடலாம் என்கிறது 4-ஆம் பிரிவு. எதிராளியின் மேலும் அதற்கு அளவில்லாத பரிவு உண்டு. காலம் கடந்துவிட்டது என்று எதிராளி சொல்லத் தேவையில்லை. மறந்தே போயிருந்தாலும் சரி, நீதிபதி தானாகவே கவனித்து வழக்கைத் தள்ள வேண்டும் என்று 3-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. டாக்டர் செய்ததைக் கவனிக்காமல் விட்டது நோயாளியின் பொறுப்பு. டாக்டர் தரப்பு வாதாட மறந்ததைக் கவனிப்பது கோர்ட்டின் பொறுப்பு. ஒரு நாள் தாமதித்தவருக்கும் ஒன்பது வருடம் தாமதித்தவருக்கும் சிவில் வழக்கில் பாகுபாடு கிடையாது. தாமதத்தை மன்னிக்கும் 5-ஆம் பிரிவு அப்பீலுக்கும் மனுக்களுக்கும்தான், புதிதாகப் போடும் வழக்குக்கு இல்லை. இதைவிடச் சமத்துவம் வேண்டுமா?

நுகர்வோர் சட்டம் மட்டும் கொஞ்சம் இளகிய மனசு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு 2 ஆண்டு என்று சொல்லிவிட்டு, தக்க காரணம் காட்டினால் ஆணையம் அந்தக் காரணத்தை எழுதிவைத்துத் தாமதத்தை மன்னிக்கலாம் என்கிறது. அந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் நுண்ணறிவை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தீர்ப்பு கிடைப்பது அரிது.

கோவா அரசுப் பணியில் இருந்த ஒரு செவிலியர். 1993 நவம்பரில் அவருக்குப் பித்தப்பை அறுவை நடந்தது. அதன் பிறகு வயிற்றுவலி. வருஷக்கணக்கில் வலி. 2002 அக்டோபரில் மும்பையில் மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே துணி இருந்தது, ரத்தம் ஒற்றும் காஸ் துணி. 2004-இல் புகார் கொடுத்தார். துணி கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணினால் 2 ஆண்டுக்குள். மாநில ஆணையம் தள்ளியது. தேசிய ஆணையம் ஏற்றது. அறுவை செய்த டாக்டர் ஸ்ரீகண்டே உச்ச நீதிமன்றம் போனார். 2010 அக்டோபரில் வந்த ஸ்ரீகண்டே வழக்குத் தீர்ப்பு கொள்கையளவில் பெரிய மனசு காட்டியது. பிழை உடனே தெரிய வழியில்லாதபோது, நோயாளிக்குத் தெரிந்த நாளிலிருந்தோ தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்தோ எண்ணலாம் என்று ஏற்றுக்கொண்டது. நானும் கைதட்ட எழுந்தேன். அடுத்த பக்கத்தில், இவர் அனுபவமுள்ள செவிலியர், வலி வந்தபோதே அறுவை செய்த டாக்டரிடம் போயிருக்க வேண்டும், ஒன்பது வருடம் போகவில்லை, ஆகவே காலம் கடந்தது என்று முடித்தது.

இந்த 'தெரிந்திருக்க வேண்டிய நாள்' இருக்கிறதே, அதற்குத்தான் மாலை போட வேண்டும். மருத்துவம் தெரிந்தவராக இருந்தால், "உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமே" என்று கேட்கலாம். தெரியாதவராக இருந்தால், "இவ்வளவு வலிக்கு வேறு டாக்டரைக் கேட்டிருக்க வேண்டுமே" என்று கேட்கலாம். வலியைப் பொறுத்துக்கொள்வது நம் ஊர்ப் பெண்களுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினால் வழக்கில் பூஜ்யம்.

நெய்வேலி நகரியத்தில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் பாக்கியம் உண்டு. பொதுத்துறை ஊர்களில் வேலை, வீடு, பள்ளிக்கூடம் போல வைத்தியமும் வேலையோடு ஒட்டியே வரும். இலவச வைத்தியத்துக்கு நுகர்வோர் கோர்ட்டா என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். டாக்டர்கள் செய்வது அந்தச் சட்டம் சொல்லும் சேவையே அல்ல என்றுகூட 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிப் பார்த்தது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வேலை நிபந்தனைப்படி தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் நிறுவனமே செலவு செய்தால் அது இலவசமல்ல, சேவைதான் என்றும் விளக்கியது. ஆகவே நகரியத்துத் தொழிலாளிக்கும் வழக்குப் போடும் உரிமை உண்டு. போடுவதற்கு அவர் செய்ய வேண்டியது சொற்பம்: தன்னைக் காப்பாற்றிய, தன் பிள்ளையின் காய்ச்சலுக்கு நாளைக்கும் போய் நிற்க வேண்டிய, அதே நிர்வாகத்தின் கீழ் சம்பளம் வாங்கும் டாக்டரைச் சந்தேகிக்க வேண்டும். அதையும் 2 ஆண்டுக்குள் சந்தேகித்து முடிக்க வேண்டும்.

இனி அனல்மின் நிலையத்துக்கு வருவோம். 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. அது ஆறுவதற்குள் ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொன்று. அன்றே 6 பேர் இறந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் மருத்துவமனையில் எண்ணிக்கை ஏறியது. செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே கையில் எடுத்து 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது. தீர்ப்பாயமே எடுத்ததால் யாரும் நாள் எண்ண வேண்டியிருக்கவில்லை.

நாள் எண்ணிப் பார்த்தால் அங்கேயும் சட்டத்தின் அருமை தெரியும். அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவுப்படி, விதிமீறலுக்கு நிர்வாகத்தின் மேல் குற்றவழக்குப் போட 3 மாதம்தான். எந்த நாளிலிருந்து 3 மாதம்? மீறல் நடந்த நாளிலிருந்து அல்ல. அது ஆய்வாளருக்குத் தெரியவந்த நாளிலிருந்து. படித்துப் பட்டம் வாங்கி, தொழிற்சாலைகளைப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் அதிகாரிக்கு, "பாவம், அவருக்கு எப்படித் தெரியும், தெரிந்த பிறகு எண்ணுவோம்" என்று சலுகை. கொதிகலனுக்குப் பக்கத்தில் சாம்பல் அள்ளியவருக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! நிபுணர் அறியாதவர், பாமரர் அறிந்தவர். வள்ளுவர் இருந்திருந்தால் அறிவுடைமை அதிகாரத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்திருக்கும்.

அந்த இரண்டு விபத்துகளுக்கும் இன்னொரு விசேஷம். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை எந்த லிமிடேஷன் கணக்கிலும் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதாவது அந்த விபத்துகளில் செத்தவர்களின் விதவைகளுக்குச் சட்டத்தின் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு வருடம் நின்றது. காலம் நிற்காது என்று சொல்கிறவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம், நிற்கும். உலகம் முழுக்க ஒரு கொள்ளைநோய் வந்தால் போதும்.

தூசு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் பறக்கும் தூசு நுரையீரலில் படிவது ஒரே நாளில் நடப்பதல்ல. பத்து வருடம், இருபது வருடம் மூச்சோடு மூச்சாக உள்ளே போய், ஒருநாள் மாடிப்படியில் ஆள் நின்று மூச்சு வாங்கும்போதுதான் தெரியும். இங்கிலாந்தில் ஒரு எஃகு வார்ப்பாலையில் தூசு குடித்த தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். கார்ட்லெட்ஜ் வழக்கு என்று பெயர். 1963-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: நுரையீரல் கெட்ட நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது, அது கெட்டது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பது கேள்வியல்ல, வழக்கு காலாவதி. அதாவது நோய் இருப்பதே தெரியாத காலத்தில் வழக்குப் போடும் உரிமை வந்து, இருந்து, போயும் விட்டது. சொல்லிவிட்டு அந்த நீதிபதிகளே வெட்கப்பட்டார்கள், சட்டம் அப்படி இருக்கிறது என்ன செய்ய என்று. பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கும் சுரணை வந்துவிட்டது. அதே 1963-இலேயே சட்டத்தைத் திருத்தி, உடல் பாதிப்புக்குத் தெரிந்த நாளைக் கணக்கில் கொள்ள வழி செய்தது. பிறகு 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதை இன்னும் தெளிவாக்கி, 1986-இல் வேறு வகைக் கவனக்குறைவுகளுக்கும் நீட்டியது: தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு, எப்படியானாலும் 15 ஆண்டுக்கு மேல் போகாது.

நம் பாராளுமன்றமும் அதே 1963-இல்தான் உட்கார்ந்து காலவரையறைச் சட்டத்தைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தது. நெய்வேலியில் முதல் அனல்மின் அலகு அதற்கு முந்தைய வருடம்தான் ஓடத் தொடங்கியிருந்தது. புகைபோக்கி புத்தம் புதிது. வெள்ளைக்காரன் பதறிப் போய்த் தெரிந்த நாள், தெரியாத நாள் என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, நாம் பதறவில்லை. ஏமாற்றி மறைத்திருந்தால் தெரிந்த நாள் என்று 17-ஆம் பிரிவில் ஒரு வரி போட்டோம். ஏமாற்றாமல், வெறும் அலட்சியத்தால் நடந்த பிழைக்கு, வேறு எங்கும் சொல்லாத வழக்குகளுக்கெல்லாம் பொருந்தும், அட்டவணையின் 113-ஆம் இனம்: வழக்கிடும் உரிமை பிறந்த நாளிலிருந்து 3 ஆண்டு. அந்த உரிமை பிறந்தது உரியவருக்குத் தெரிய வேண்டுமா என்பதைச் சட்டம் எழுதவில்லை. அவ்வளவு நம்பிக்கை நம்மேல்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் புகழ்ச்சியில் குறை வைத்தவனாவேன். தொழிலாளர் இழப்பீட்டுக்கென்று வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட சட்டம், பின்னால் சேர்ந்த திருத்தங்களோடு, வேறு மாதிரி எண்ணியது. விபத்துக்கு 2 ஆண்டுதான். தொழில்நோய் என்றால் மட்டும், நோயால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமல் போன முதல் நாளையே விபத்து நாளாக வைத்துக்கொள் என்றது. வேலையை விட்ட பிறகு நோய் வந்தால் அறிகுறி கண்டறியப்பட்ட நாளை வைத்துக்கொள் என்றது. தாமதித்தாலும் காரணம் சொன்னால் ஆணையர் ஏற்கலாம். அடிமை நாட்டுச் சட்டம் தொழிலாளியை ஒன்றும் தெரியாதவனாக நினைத்திருக்கிறது பாருங்கள். அந்த அவமானத்தைச் சுதந்திர நாட்டின் சிவில் சட்டம்தான் துடைத்தது.

வக்கீல்களை விட்டுவிட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. பழைய 1894-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில், கொடுத்த தொகை போதாது என்றால் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லி மனுக் கொடுக்க 18-ஆம் பிரிவு இடம் தந்தது. கலெக்டர் இழப்பீட்டுத் தீர்வம் சொல்லும்போது நில உரிமையாளர் எதிரிலேயே இருந்திருந்தால் அவகாசம் 6 வாரம். அந்த 6 வாரம் ஒரு நாள் தாண்டினாலும் மன்னிக்கக் கலெக்டருக்கு அதிகாரம் இல்லை என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியது. முப்போகம் விளைந்த நிலத்தை ஒரு பரம்பரை இழப்பதற்கு ஆன காலத்தை விட்டுவிடுங்கள், விலை போதவில்லை என்று உணர 6 வாரம்.

அப்படி நிலம் கொடுத்த பெரியவர் ஒருவர் வக்காலத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருகிறார். குமாஸ்தாவிடம் கேட்கிறார்.

"ஐயா, நம்ம மனு நம்பர் ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடும் பெரியவரே. அடுத்த மாசம் ஒரு நடை வந்துட்டுப் போங்க."

அடுத்த மாதம் வருகிறார். அதற்கடுத்த பொங்கலுக்கும் வருகிறார். மனுப் போடவே இல்லை என்பதோ, போட்டும் 6 வாரம் தாண்டித் திரும்பிவிட்டது என்பதோ அவருக்குத் தெரியவரும்போது வருடங்கள் போயிருக்கும். இப்போது வக்கீல் மேல் வழக்குப் போடலாம். அதற்கும் 3 ஆண்டுக் கெடு உண்டு. கெடு தவறியதற்காகப் போடும் வழக்குக்கும் கெடு தவறிவிட்டிருக்கலாம். பிழை தன்னைத்தானே மூடிக்கொள்ளும் இந்த அழகை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்: தோண்டிய குழியை அடுத்த குழியின் மண்ணாலேயே மூடிக்கொண்டு போகும் திறந்தவெளிச் சுரங்கத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று யாராவது பெரியவருக்கு யோசனை சொன்னால், அதற்கும் 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது. டி.கே. காந்தி என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கு அது. சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்சிக்காரர்தான் பெருமளவு நேரடியாகக் கட்டுப்படுத்துகிறார் என்பது. வராந்தாவில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெரியவர் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். இத்தனை வருடமாகக் குமாஸ்தாவை, குமாஸ்தா வழியாக வக்கீலை, வக்கீல் வழியாக கோர்ட்டையே அவர்தான் நடத்திவந்திருக்கிறார். அவருக்கே தெரியாமல் போயிற்று.

அரசாங்கத்தின் மேல் சட்டத்துக்கு இவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசோ மாநில அரசோ வழக்குப் போடுவதென்றால் 112-ஆம் இனப்படி 30 ஆண்டு அவகாசம். ஆயிரம் அலுவலகம், லட்சம் ஊழியர், அட்வகேட் ஜெனரல், சட்டத்துறை எல்லாம் வைத்திருந்தும் அதற்கு விஷயம் புரிய முப்பது வருடம் ஆகும் என்று சட்டமே கணித்திருக்கிறது. (நெய்வேலி நிறுவனம் அரசுடையது என்றாலும் கம்பெனி; அதற்கு இந்த 30 கிடையாது.) அப்பீலில் 4 நாள் தாமதமான ஒரு காஷ்மீர் நில எடுப்பு வழக்கில், அரசையும் மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்தக் கூடாது, தாராளமாக மன்னியுங்கள் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தாராளத்தில் அரசு அலுவலகங்கள் நன்றாகக் கால் நீட்டிக்கொண்டன. 2012-இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு வந்து நின்றபோதுதான், போதும், சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நீதிமன்றம் கதவைச் சாத்தியது. 427 நாள் கழித்தாவது கதவு இருப்பது அஞ்சல் துறைக்குத் தெரிந்தது.

குற்றவியல் பக்கத்தில் ஒரு சின்னத் தகவல், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை தண்டனை. சிகிச்சை செய்யும் பதிவுபெற்ற மருத்துவர் என்றால் 2 ஆண்டு வரை. 3 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களுக்குத்தான் வழக்கெடுக்கக் காலக்கெடு. அதற்கு மேல் போனால் கெடு கிடையாது. ஆகவே மந்தாரக்குப்பம் சாலையில் ஆளை இடித்துக் கொன்ற லாரி டிரைவரைச் சட்டம் எத்தனை வருடம் கழித்தும் தேடலாம். ஆபரேஷன் டேபிளில் என்றால் 3 ஆண்டு. படிப்புக்கு மரியாதை வேண்டாமா?

குழந்தைகளிடம்தான் இந்தச் சட்டம் உருகிப்போகிறது. பிரசவத்தின்போது நடந்த பிழையால் குழந்தை பாதிக்கப்பட்டால், மைனர் என்பதால் காலம் ஓடாது. 18 வயது நிரம்பிய பிறகு 3 ஆண்டு, ஆக 21 வயது வரை அந்தப் பிள்ளை சிவில் வழக்குப் போடலாம். எவ்வளவு தொலைநோக்கு! கூடவே இன்னொரு விதியும் இருக்கிறது. 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதிமுறைகள், உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கின்றன. பிள்ளைக்கு உரிமை 21 வயது வரை, காகிதத்துக்கு ஆயுசு 3 வயது வரை. மீதி 18 வருடம் அந்த உரிமை ஆதாரம் இல்லாமல் வளர்ந்து பெரியதாகும்.

நகரியத்தின் நடராஜர் கோயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருக்கிறார்கள். மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்றும் உண்டு. குறையை எழுதிப் பெட்டியில் போட்டு மணியை அடிப்பது வழக்கம். யாரும் வாங்கிப் பார்த்து, "இது 2011-இல் நடந்தது, லிமிடேஷன் போய்விட்டது" என்று திருப்பிக் கொடுப்பதில்லை. சட்டம் படிக்காத கடவுள்.

டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் முடிவில்லாத பயம் கூடாது, முப்பது வருடம் கழித்து வரும் வழக்கில் சாட்சியும் இருக்காது என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் பிரிட்டன் உடல் பாதிப்பு அல்லாத கவனக்குறைவுகளுக்கு 15 ஆண்டு என்று மேல்வரம்பு வைத்தது. நாமும் 113-ஆம் இனத்தில் 'தெரியவந்த நாளிலிருந்து' என்று ஒரு சொல்லும், அதற்கு மேல்வரம்பாக ஒரு எண்ணும் சேர்க்கலாம். மருத்துவப் பதிவேட்டை அந்த எண் தீரும் வரை வைத்திருக்கச் சொல்லலாம். 1963-இலிருந்து யாரும் சேர்க்கவில்லை. சேர்த்தால் நமக்கு எதுவும் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே என்ற கூச்சமாக இருக்கலாம்.

அதுவரை எல்லாம் தெரிந்த நெய்வேலிப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டோடு நிற்காதீர்கள். அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ் எழுதிய தாள், ஸ்கேன் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிமுறை சொல்கிறது. வக்கீலிடம் மனுவின் நகலையும் அது தாக்கலான நம்பரையும் வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். வாங்கியதன் மேல் தேதியைப் போட்டு, பக்கத்திலேயே 2 ஆண்டு கழித்து வரும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.